மூன்று துளைகள்

"டிவியைப் பார்த்துக்கிட்டேவா வெட்டுவீங்க?" தையல்காரருக்கு நம்பிக்கை வரவில்லை. "நான் துணியைப் பார்த்து வெட்டினாலே சில நாள் கோணிக்குது, டாக்டரம்மா."

டாக்டர் சிரித்தார். மேசை மேல் பட்டன் படுத்திருந்தது. பழுப்பு நிறப் பெண் நாய். மூக்கைச் சுற்றி நரை. ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கண்ணில் மஞ்சள். ஸ்கேனில் கல்லீரல் முழுக்கப் புள்ளி புள்ளியாக ஏதோ தெரிந்தது. அது புற்றா, வேறு ஏதாவதா என்று அறிய, கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும்.

"வயித்தைக் கிழிக்கப் போறதில்லைங்க. மூணு சின்னத் துளை. ஒண்ணுல கேமரா, அது காட்டுறது டிவியில தெரியும். மத்த ரெண்டுல கருவி. உள்ள காத்து நிரப்பினா வயிறு பலூன் மாதிரி எழும்பும், பார்க்க இடம் கிடைக்கும். அரிசி அளவுக்கு ரெண்டு மூணு துண்டு கிள்ளிட்டு வெளிய வந்துடுவோம். சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்."

டாக்டர் ஒரு தாளில் நாயின் வயிற்றை வரைந்து மூன்று புள்ளி வைத்தார். தையல்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

"வலது புள்ளி இடதைவிட ஒரு விரல்கடை கீழ இறங்கியிருக்கே. அளவு தப்பிடுச்சா?"

"நல்ல கண்ணுங்க உங்களுக்கு. நான் குள்ளம். பலகை போட்டு ஏறி நின்னாலும் அந்தப் பக்கம் கை எட்டாது. அதனால இறக்கி வச்சே பழகிட்டேன். எங்க வாத்தியார் கடைசி வரைக்கும் திட்டினார். வேற யாரும் இப்படி வைக்க மாட்டாங்க."

பட்டன் அதற்குள் நகர்ந்து, டாக்டரின் முழங்கை மடிப்பில் மூக்கை நுழைத்துக்கொண்டது. தையல்காரருக்குப் பொறுக்கவில்லை. ஊசி போட வந்த அத்தனை பேரையும் உறுமி விரட்டிய நாய் இது. கடைக்கு அளவு கொடுக்க வருபவர்களைக்கூட மோந்து பார்த்து ஒப்புதல் தந்த பிறகுதான் உள்ளே விடும்.

"வயசு?"

"எட்டு. ஆறு வாரக் குட்டியா எடுத்தேன்." பலரிடம் சொல்லிப் பழகிய பதில், தடங்கலில்லாமல் வந்தது.

"கருத்தடை ஆபரேஷன்?"

"அதெல்லாம் எதுக்குங்க? தானாவே அடக்கமான பொண்ணு. இதுவரைக்கும் ஒரு குட்டி போட்டதில்ல."

டாக்டர் படிவத்தில் குறித்துக்கொண்டார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்த தையல்காரர் தரையின் கட்டங்களை எண்ணினார். கடையைப் பூட்டினால், வீட்டில் அவருக்கு எதிரே உட்காரப் பட்டனை விட்டால் ஆளில்லை. அது பேசாது என்பதுதான் ஒரே குறை; அதுவும் பல நாள் குறையாகத் தெரிந்ததில்லை.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் தலையுறையோடு வந்தார்.

"நல்லபடியா முடிஞ்சுது. புற்று மாதிரி தெரியல, வீக்கம்னுதான் தோணுது. துண்டு லேபுக்குப் போகுது. ஒரு வாரத்துல உறுதியாத் தெரியும்."

தையல்காரருக்கு மூச்சு வந்தது. டாக்டர் போகவில்லை. அதே பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும் ஐயா. உள்ள கேமராவை விட்டுப் பார்த்தேன். சினைப்பை ரெண்டும் இல்ல. யாரோ முன்னாடியே கருத்தடை ஆபரேஷன் பண்ணி எடுத்திருக்காங்க. ஆறு வாரக் குட்டியிலேர்ந்து உங்ககிட்டதானே இருக்கு?"

தையல்காரர் தரையைப் பார்த்தார். ஏழு வருடமாக ஓடிய நூல் அறுந்துவிட்டது.

"ஒருநாள் நல்ல மழை. கடை வாசல்ல வந்து நின்னுச்சு. கழுத்துல பட்டை இருந்துச்சு டாக்டரம்மா, பொய் சொல்லல. யார் வீட்டுதுன்னு விசாரிச்சு ஒப்படைக்கத்தான் நினைச்சேன். ரெண்டு நாள் ஆச்சு. மூணாம் நாள் நானே பட்டையைக் கத்திரிச்சுக் குப்பையில போட்டுட்டேன்." குரல் இறங்கியது. "இனிமே யாராவது தேடி வந்தா... கொடுத்துத்தான் ஆகணுமா?"

டாக்டர் பையிலிருந்து படிவத்தை எடுத்து மடியில் விரித்தார்.

"தேடியிருப்பாங்க," என்றார். "ரொம்ப நாள் தேடியிருப்பாங்க."

நர்ஸ், சக்கர மேசையில் பட்டனைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மயக்கம் முழுதாகத் தெளியவில்லை. மழித்த வயிற்றில் மூன்று புதுத் தையல். தொழில் பழக்கத்தில் தையல்காரர் குனிந்து அதன் நேர்த்தியைப் பார்த்தார். அப்போதுதான் ஒவ்வொரு தையலுக்கும் பக்கத்தில், இத்தனை நாள் ரோமத்துக்குள் மறைந்திருந்த, வெளிறிய பழைய தழும்பு ஒன்று தெரிந்தது. அதுவும் மூன்று.

விரலை வைத்து அளந்தார். வலது பக்கத் தழும்பு, இடதைவிட ஒரு விரல்கடை கீழே.

ஒரே கை வெட்டிய இரண்டு துணிகளை அவருக்குத் தெரியாதா என்ன. மெல்ல நிமிர்ந்தார். டாக்டர் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனா 'நாயின் சொந்தக்காரர்' என்ற கட்டத்தின் மேல் நின்றிருந்தது.

"அந்தப் பட்டை பச்சைக் கலர்தானே?" என்றார் தலை நிமிராமல். "நான் வாங்கிப் போட்ட மறுநாளே ஓரத்தைக் கடிச்சு வச்சிருந்துச்சு."

தையல்காரர் தலையை அசைத்தார்.

கட்டத்தில் தையல்காரரின் பேரை எழுதிவிட்டு, டாக்டர் பட்டனின் காதை ஒருமுறை தடவினார். "பத்தாம் நாள் தையல் பிரிக்கணும். பிரிச்ச பிறகும் எப்பவாவது கூட்டிட்டு வாங்க."