மகிழினியின் உள்பொட்டி

“ஆரம்பிக்கட்டாக்கா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மவுஸை அழுத்தினாள் ஆஃபியா.

திரையில் ஒரு நீலப் பட்டை தலைகாட்டியது.

பக்கத்து நாற்காலியில் மகிழினி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பெண் நிறுத்திவிடுவாள். ஆனால் மகிழினி சொல்ல மாட்டாள். எதற்குச் சொல்ல வேண்டும்?

எண்ணூர் சாலையில் இருந்த அந்தக் கண்டெய்னர் யார்டில் பில் போடுவது ஒரு பழைய புரோகிராம். புதுக் கம்ப்யூட்டரில் அது ஓடாது. அதனால் புதுசுக்குள்ளேயே பழசு மாதிரி இன்னொரு கம்ப்யூட்டரை உண்டாக்கி, அதில் ஓட்டினார்கள். ஆபீசில் அதற்கு உள்பொட்டி என்று பெயர். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே ஒரு ஃபைல்தான். ஆனால் தின்று தின்று பெருத்து, டிஸ்கை அடைத்துக்கொண்டு கிடந்தது.

உள்ளே எதை அழித்தாலும் வெளியே அந்த ஃபைல் இளைக்காது. அழித்த இடத்தையெல்லாம் பூஜ்யத்தால் நிரப்பி, அப்புறம் பிழிய வேண்டும். அப்போதுதான் சுருங்கும். ஆஃபியா தொடங்கியது அந்த வேலையைத்தான்.

வில்லங்கம் அங்கேதான். பூஜ்யம் நிரப்பும்போது ஃபைல் முதலில் வீங்கும். முழுசாக வீங்கி முடித்த பிறகுதான் இறங்கும். வீங்குவதற்கு டிஸ்கில் இடம் வேண்டும். நேற்று சாயங்காலம் மகிழினி பார்த்தபோது அந்த இடம் இல்லை.

இல்லாவிட்டால் பாதியில் மாட்டிக்கொள்ளும். பில் நிற்கும். கேட்டில் லாரிகள் நிற்கும், டிரைவர்கள் ஹாரனைப் போட்டு அலறவிடுவார்கள், கண்ணாடி அறையிலிருந்து முதலாளி கமாலுதீன் பாய் கத்திக்கொண்டே வருவார்.

வரட்டும்.

பொய் சொல்வானேன், பொறாமைதான். வயிறு பற்றி எரிகிற பொறாமை. இந்த யார்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து அது படுத்தபோதெல்லாம் எழுப்பி உட்காரவைத்தவள் மகிழினி. கணேசபுரம் சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர் நின்ற மழையிலும் வியாசர்பாடியிலிருந்து வந்து சேர்ந்தவள். பாய் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை உதிர்ந்ததுண்டா? தண்டையார்பேட்டையிலிருந்து நேற்று வந்த இவளுக்கு என்னடாவென்றால், “அந்தப் பொண்ணுக்கு மூளைன்னா மூளை!” என்று வாட்ச்மேனைக்கூட விடாமல் பிடித்துச் சொல்கிறார்.

இந்த வேலை ஒழுங்காக முடிந்தால் இனிமேல் ஆஃபியாதான் சிஸ்டம் இன்சார்ஜ் என்று காலையில் எல்லார் எதிரிலும் போட்டு உடைத்துவிட்டார்.

இதில் இன்னொரு எரிச்சல், அந்தப் பெண் நல்லவளாகவும் இருந்து தொலைத்தாள். டிபன் பாக்ஸைத் திறந்தால் முதல் பங்கு அக்காவுக்கு. தபால்வழிப் படிப்புக்கு ப்ராஜெக்ட் செய்யத் தனக்கென்று ஓர் உள்பொட்டி வேண்டும் என்று கேட்டாள். பாய் உடனே தலையாட்டினார். கேட்ட உடனே! அன்றிலிருந்து வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் அதையே கட்டிக்கொண்டு அழுதாள். அடுத்த வாரம் கொடுத்தாக வேண்டும்.

மகிழினிக்கும் ஓர் உள்பொட்டி இருந்தது. ‘மகிழினி, தொடாதே’ என்று பெயர் வைத்து, பாஸ்வேர்டும் போட்டுப் பூட்டியிருந்தாள். ஆக மொத்தம் மூன்று. டிஸ்க் மூச்சு முட்டிக் கிடந்தது.

நீலப் பட்டை பாதியைத் தாண்டியது.

இதோ, இப்போது நிற்கும். மகிழினி கண்ணாடி அறைப் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

நிற்கவில்லை.

முக்காலும் தாண்டியது. கடைசி வரை ஓடி, ஒரு மணிச் சத்தத்தோடு முடிந்தது. அப்புறம் பிழிதல். மலையாகக் கிடந்த ஃபைல் கால்வாசியாக வற்றிப்போனது. அடுத்த லாரிக்கு பில் போட்டுப் பார்த்தார்கள், சர்ரென்று வந்தது. பாய் அறையை விட்டு வெளியே வந்து ஆஃபியாவின் தலையில் கை வைத்து, “மாஷா அல்லாஹ்! நீதாம்மா இன்சார்ஜ்” என்றார்.

அவர் உள்ளே போகும் வரைகூட மகிழினிக்குப் பொறுக்கவில்லை.

“எப்டிடி? எடமே இல்லியே!”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆஃபியா அவளைத் திரும்பிப் பார்த்தாள். பார்வை ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு, ஒன்றும் நடக்காததுபோல் பேசினாள்.

“காலைல நானும் பாத்தேங்கா. எடுத்துவெக்க வேற டிஸ்க்கும் இல்ல. என் பொட்டிய அழிச்சிட்டேன். ப்ராஜெக்ட்டு போனா போவுது, அடுத்த வருசம் குடுத்துக்கலாம். பாய் உன்னுததான் அழிக்கச் சொன்னாரு. அக்கா எத்தினி நாளா ராவுபகலா ஒழைச்சிகினு கீதோ, அதுல கைய வெக்கவே கூடாதுன்னு சண்ட போட்டேன்.”

மகிழினி மேசையைப் பார்த்தாள்.

“ஆமா, அப்டி இன்னாக்கா கீது அதுல?”

“நெறைய கீது,” என்றாள் மகிழினி.

அதில் ஒன்றும் இல்லை. ஓர் எழுத்துக்கூட இல்லை. ஆஃபியாவின் ப்ராஜெக்ட்டுக்குப் பாய் தலையாட்டிய அன்று, இவளுக்கு இடம் போதாமல் திண்டாடட்டும் என்று, டிஸ்கில் கால் பங்கை வளைத்துப் பூட்டிவைத்த வெறும் பொட்டி அது.