இருக்கிற நிறம்

“வலது கன்னத்துல அந்த நீலம் இன்னும் சரியாத் தெரியல,” என்று முணுமுணுத்தபடி பெரியவள் திரையை ஒட்டி உட்கார்ந்தாள். திரையில் முழு நிலா, சாம்பல் உருண்டையாக.

வாரமெல்லாம் ஸ்டுடியோவில் மணப்பெண்களின் பருவையும் கருவளையத்தையும் அழிப்பது அவள் பிழைப்பு. விடுமுறை நாளில் மட்டும் எதையும் அழிக்க வேண்டியதில்லை. மொட்டைமாடியில் தொலைநோக்கி வழியாகப் பிடித்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நிறத்தைத் துளித்துளியாகக் கூட்டினால் போதும். சாம்பலுக்குள்ளிருந்து நீலமும் செம்பழுப்பும் மெல்ல எழுந்து வரும்.

“வெளுத்துக் கிடக்கிறதுக்கு நீயா சாயம் அடிக்கிறே,” என்றாள் பின்னால் வந்து நின்ற அம்மா.

“நான் அடிக்கலம்மா. அந்த இடத்து மண்ணுல டைட்டானியம் அதிகம், அதான் நீலம். இருக்கிறதைத்தான் கூட்டிக் காட்டுறேன். இல்லாதது எவ்வளவு கூட்டினாலும் வராது.”

அம்மா போகவில்லை. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்படி நிற்பதற்கு என்ன அர்த்தம் என்று பெரியவளுக்குத் தெரியும்.

“சின்னவ வீட்டுக்குக் கீழ இருக்கிற தையக்காரம்மா மறுபடியும் போன் பண்ணாங்க. நேத்தும் மேல சத்தமாம். சாமான் உடையுற சத்தம். அப்புறம் பளார்னு ஒண்ணு.”

“சின்னவளைத்தான் கேட்டாச்சே. ஒண்ணுமில்லைங்கிறாளே.”

“எந்தப் பொண்ணு வாயைத் திறந்து சொல்லுவா? மாப்பிள்ளை நாலு வார்த்தை சேர்ந்தாப்ல பேசி நான் பார்த்ததில்ல. எனக்கு அதுதான் பயமா இருக்கு.”

“அவ அடி வாங்கிட்டுச் சும்மா இருக்கிற ஆளாம்மா?”

சொல்லிவிட்டாளே தவிர, அலுப்பாக இருந்தது. சின்னவளுக்காகக் கவலைப்படுவது அவள் பிறந்த நாளிலிருந்து பெரியவளின் தலையில் விழுந்த வேலை. அதற்கு மட்டும் விடுமுறையே கிடையாது.

அம்மா கைபேசியை நீட்டினாள். காலையில் சின்னவள் அனுப்பிய படம். புருஷனும் பெண்டாட்டியுமாகத் தோளோடு தோள் ஒட்டிச் சிரித்தார்கள்.

“மாப்பிள்ளையைப் பாரேன், கல்யாணத்தன்னைக்குக்கூட இவ்வளவு பவுடர் அப்பல,” என்று சிரிக்கப் பார்த்த அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “நிலாவுக்குப் பண்றதை இதுக்கும் பண்ணுடி. அவ முகத்துல ஏதாவது இருந்தா, இன்னைக்கே போய்க் கூட்டிட்டு வந்துடலாம்.”

“பைத்தியமாம்மா உனக்கு?” என்றாலும் கை படத்தைத் திறந்துவிட்டது.

தங்கையின் முகத்தைப் பெரிதாக்கினாள். நிறத்தை ஒரேயடியாகத் தூக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள். நெற்றி, கண்ணோரம், தாடை, கழுத்து. தோல் ஆரஞ்சுக்குத் திரும்பியது. ஒரு திட்டுகூட எழவில்லை.

“ஒண்ணுமில்லம்மா. சுத்தமா இருக்கு.”

“நிஜமாவா?”

“நிஜமா.”

அம்மா நாற்காலி முதுகை விட்டாள். “பசிக்குதுடி,” என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குப் போனாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து ஒரு வாரமாகியிருந்தது.

பெரியவளுக்கு மனசு கூசியது. பாவம், வாய் திறக்காத ஒரு மனுஷனை ஒரு வாரமாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைத்திருந்தார்களே. அவரையும் ஒருமுறை நேராகப் பார்த்துவிட்டு மூடலாம் என்று படத்தை நகர்த்தினாள்.

படத்தை அவள் மூடவில்லை. அவர் முகத்தைப் பெரிதாக்கி, நிறத்தை இன்னும் இரண்டு துளி கூட்டினாள். பிறகு போனை எடுத்தாள்.

“சொல்லுக்கா! படம் பார்த்தியா?” சின்னவளின் குரல் துள்ளியது. “இப்பவாவது நம்புறீங்களா, நான் நல்லாத்தான் இருக்கேன்னு?”

“நீ நல்லாத்தான்டி இருக்கே. மாப்பிள்ளையை எதால அடிச்சே?”