போகாத டொக்கு

பழைய கார் வியாபாரி வர்க்கி அனுப்பும் படங்களில் டொக்கு, கீறல் எல்லாவற்றையும் கணினியில் அழித்துக் கொடுப்பது சிஜோவின் வேலை. நம்பர் பிளேட்டை மறைத்துத்தான் படம் வரும்.

இன்று வந்தது ஒரு வெள்ளைக் கார். பானெட்டின் இடது பக்கம் ஆழமான டொக்கு. அழித்துச் சேமித்தான். திறந்து பார்த்தால் மறுபடியும் இருந்தது. மூன்று முறை அழித்தும் போகவில்லை.

வர்க்கி போனில் கத்தினார். "ஒரு படத்துக்கு மத்தியானம் பூராவுமாடா?"

"பானெட்ல இருக்கிற டொக்கு போக மாட்டேங்குது சேட்டா."

"எந்த டொக்கு? கண்ணுல பூ விழுந்துடுச்சா? பானெட் பளபளன்னு இருக்கு. கதவுல இருக்கிற கீறலை மட்டும் அழி."

"இடது பக்கம் பாருங்க, ஹெட்லைட்டுக்கு மேல..."

"டேய், உன் பழைய வண்டி உனக்கே அடையாளம் தெரியலையா? மாடு குறுக்கே வந்துடுச்சுன்னு புது பானெட் மாத்தித்தானே ஓணத்துக்கு முன்னாடி எனக்கு வித்தே!"

சிஜோ படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். திரையில் டொக்கு அப்படியே இருந்தது.

அன்று ஆலுவா சாலையில் குறுக்கே வந்தது மாடு இல்லை. லாட்டரிச் சீட்டு விற்கும் ஒரு பெரியவர். பின்புறம் பார்க்கும் கண்ணாடியில் சீட்டுகள் பறப்பதைப் பார்த்தும் சிஜோ வண்டியை நிறுத்தவில்லை.