ஏற்றியது ஏற்றியபடி

வெர்னா இடது கையை ஆட்டினார். டெல்மர் வண்டியை வலது பக்கம் திருப்பினார்.

மறுபடியும் முன்னால் போய், மறுபடியும் பின்னால் வந்தார். கல்யாணமான நாளிலிருந்தே மனைவியின் கை என்ன சொல்கிறது என்று அவருக்குப் பிடிபட்டதில்லை. இன்றைக்கு அதைக் கண்ணாடியில் பார்த்துப் புரிந்துகொள் என்றால் எப்படி?

ரமோனாவின் வீட்டு முற்றத்தில் நான்கு ஜாக்கிகளின் மேல் நின்றிருந்தது, அவர் விலைக்குப் போட்டிருந்த அந்தப் பழைய கேம்பர். உள்ளே ஒரு அடுப்பு, ஒரு குட்டி மேஜை. வண்டியின் கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நெற்றிப் பகுதியில் ஒரு மெத்தை. அதன் அடியில் பிக்கப்பை நுழைத்து ஜாக்கிகளைத் தளர்த்தினால், பின்தொட்டியில் முழு வீடும் வந்து உட்கார்ந்துவிடும். அப்புறம் ஒரேகான் மாநிலத்தின் எந்த ஏரிக்கரைக்கும் போய்க்கொள்ளலாம்.

மீன் பிடிக்கத்தான் என்று டெல்மர் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். அவர் தூண்டிலில் கடைசியாக மாட்டியது அவருடைய தொப்பிதான் என்பது கேட்டவர்களுக்கும் தெரியும்.

கம்பளமும் ஜன்னல் திரையும் விற்கும் கடையில் அளவெடுப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். என்ன வண்டி வைத்திருக்கிறீர்கள் என்று ரமோனா போனில் கேட்டபோது, ஒரு சொற்பொழிவே நடத்திவிட்டார். தொட்டியின் நீளம், உள்ளே சக்கரங்களுக்காக மேடு தட்டிய இடத்தில் அகலம், கூரைக்கும் கேம்பருக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி. நடுவில் ரமோனா போய்த் தோட்டத்துக் குழாயை மூடிவிட்டு வந்தார். அப்போதும் டெல்மர் அகலத்தில்தான் இருந்தார்.

ஆனால் அளவு பொய்க்கவில்லை. பிக்கப் உள்ளே போனது. இரண்டு பக்கமும் ஒரு விரல் நுழையும் இடம் மிச்சம்.

டெல்மர் இறங்கி நின்று, யாராவது பாராட்டுவார்களா என்று சுற்றிலும் பார்த்தார்.

ரமோனா ஜாக்கிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். கேம்பர் இறங்கியது. அதோடு வண்டியின் பின்பக்கமும் இறங்கியது. டயர்கள் பிதுங்கின. முன்பக்கம் மெல்ல எழும்பி, முகப்பு விளக்குகள் எதிரே இருந்த மரத்தின் உச்சியைப் பார்த்தன.

“மூக்கத் தூக்கிக்கிட்டு நிக்குது பாரு, உன்ன மாதிரியே” என்றார் வெர்னா. சொல்லிவிட்டு, உள்ளே பார்த்துவிட்டு வருவதாகக் கேம்பரின் பின்படியில் ஏறிப் போனார்.

டெல்மர் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து குனிந்தார். கதவு நிலையில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. தினமும் பார்க்கிற சீட்டுதான். டயருக்குக் காற்றடிக்கிற விவரம் என்று நினைத்திருந்தார். இந்த வண்டி எவ்வளவு எடை தாங்கும் என்று அதில் எழுதியிருந்தது.

கேம்பரின் எடையே அதைத் தாண்டிவிட்டது. அதற்கு மேல் தண்ணீர், கேஸ் சிலிண்டர், வெர்னா, தூண்டில்கள், பிறகு காலையில் நான்கு பான்கேக் தின்றுவிட்டு வந்த டெல்மர்.

“திரைக்கு நீளம் கேப்பாங்க, அகலம் கேப்பாங்க. எடை என்னன்னு ஒருத்தர்கூட என்னக் கேட்டதில்லைங்க” என்று ரமோனாவிடம் சொன்னார். பிக்கப்பை எதைப் பார்த்து வாங்கினீர்கள் என்று ரமோனா கேட்டார். நிறத்தைப் பார்த்து என்று டெல்மர் உண்மையைச் சொன்னார். நல்ல சிவப்பு. இருவருமே சிரித்தார்கள்.

சரி, இறக்கிவிட வேண்டியதுதான். ஜாக்கிகளைத் திரும்ப உயர்த்துவதற்கு முன் வெர்னாவைக் கூப்பிட வேண்டும். டெல்மர் கூப்பிட்டார். பதில் இல்லை.

படியேறி எட்டிப் பார்த்தார்.

மேலே மெத்தையில், சுவர்ப் பக்கம் திரும்பி, வாயை லேசாகத் திறந்தபடி வெர்னா தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய காலணிகள் கீழே ஜோடியாக இருந்தன.

டெல்மர் அந்தக் காலணிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

போன கோடையில் காட்டுத்தீ வந்து வீட்டைக் கொண்டுபோன இரவிலிருந்து, வெர்னா காலணியைக் கழற்றிவிட்டுப் படுத்ததில்லை. வாடகை வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்தபடியே ஜன்னல் பக்கம் மோந்து பார்த்துக்கொண்டிருப்பார். தூக்க மாத்திரை வேண்டும் என்றும் கேட்கவில்லை, தங்கையின் வீட்டுக்குப் போகலாம் என்றும் கேட்கவில்லை. சக்கரத்துக்கு மேல் ஒரு படுக்கை இருந்தால் தூங்கிவிடுவேன் என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அதற்கு அடுத்த நாள்தான் டெல்மருக்கு மீன் பிடிக்கும் ஆசை வந்தது.

சத்தமில்லாமல் இறங்கினார். ரமோனா ஜாக்கியின் கைப்பிடியில் குனிந்திருந்தார். டெல்மர் போய் அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

“இறக்க வேணாங்க. மாத்த வேண்டியது வண்டியத்தான். இந்தச் சிவப்பு யாருக்காவது புடிக்கும், வித்துடறேன்.”

ரமோனா ஒரு தரம் படியைப் பார்த்தார், ஒரு தரம் அவரைப் பார்த்தார். பாரம் முழுக்க வண்டியின் மேல் விழாதபடி நான்கு ஜாக்கிகளையும் தரையில் முட்டுக்கொடுத்துவிட்டு, ஒரு குவளை காப்பி கொண்டுவந்து கொடுத்தார். எவ்வளவு நேரம் ஆகும் என்று மட்டும் தணிந்த குரலில் விசாரித்தார்.

“இப்பதாங்க படுத்திருக்கா.”

ரமோனா வீட்டுக்குள் போனார்.

டெல்மர் கேம்பரின் படியில் உட்கார்ந்தார். காப்பியை ஓரமாக வைத்தார். குனிந்து, தன் காலணிகளின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். இறுகிப் போயிருந்த முடிச்சு அவிழ வெகுநேரம் ஆயிற்று.