வெள்ளி இழைகள்

ராணுவ வேலையிலிருந்து கிறிஸ்துமஸ் லீவில் வந்த வீப்கே, கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஜோடித்து வைத்திருந்த மரத்திலிருந்து வெள்ளித்தாள் இழைகளைப் பிடுங்க ஆரம்பித்தாள்.

"ஏய், என்ன பண்றே?" அண்ணி ஆன்ட்யே அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "கடையில ஒண்ணும் கிடைக்கல. வயல்ல கிடந்ததைக் குனிஞ்சு குனிஞ்சு பொறுக்கிக் கட்டியிருக்கேன்."

"வேண்டாம் அண்ணி."

"புருஷன் ஹாம்பர்க்ல குண்டு விழுந்து செத்து ஆறு மாசம் ஆகல, இவளுக்கு ஜோடனை கேக்குதான்னுதானே நினைக்கிறே? உன் அண்ணன் இருந்தா ஆசைப்படுவாரேன்னு வெச்சேன்டி."

வீப்கே பிடுங்கிக்கொண்டே இருந்தாள்.

"என்கிட்ட ஏன் கோபம்? விமானம் வர்றதை ரேடார்ல பார்த்துச் சொல்ல வேண்டியவங்ககிட்ட காட்டு. அன்னிக்கு நல்லா தூங்கியிருப்பாங்க, பாவிங்க."

"தூங்கல அண்ணி."

"உனக்கெப்படித் தெரியும்? நீ டெலிபோன் ஆபீஸ்ல இருக்கறவ."

"வீட்ல அப்படித்தான் சொல்லணும்னு உத்தரவு." வீப்கேயின் கை நிறைய வெள்ளி மின்னியது. "அந்த ரேடார் முன்னாடி உக்காந்திருந்தது நான்தான். திடீர்னு திரை முழுக்க விமானமாத் தெரிஞ்சுது. எது நிஜம்னு கண்டுபிடிக்கவே முடியல. ரேடாரை ஏமாத்த எதிரி விமானங்க வானத்துலேர்ந்து கொட்டினது இதைத்தான் அண்ணி."



ஆன்ட்யே ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, நாத்தனாருக்கு எட்டாத உச்சிக்கிளையிலிருந்து பிடுங்க ஆரம்பித்தாள்.