சக்கரபாணி வீட்டுச் சீலிங்

ஆனந்தராஜ் மேஸ்திரி சுரண்டச் சுரண்ட, சக்கரபாணி வீட்டு ஹாலின் சீலிங் உயர்ந்துகொண்டே போனது.

முதலில் தரையில் நின்றேதான் சுரண்டினார். பச்சைப் பெயிண்ட் போய் அடியிலிருந்த நீலம் வந்தபோது நாற்காலி கேட்டார். நீலம் போய் ரோஸ் வந்தபோது பக்கத்து வீடான என் வீட்டிலிருந்து ஸ்டூலைத் தூக்கிப் போனார்கள். என் ஸ்டூல் போகிற இடத்துக்கு நானும் போவது வழக்கம்.

மஞ்சள் தெரிந்தபோது ஃபேன் தொங்குகிற கம்பி வெளியே வந்தது. அப்படியொரு கம்பி இருப்பதே அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

பழைய எனாமல் பெயிண்ட் மேல் சிமெண்டுப் பூச்சு நிற்காது. அடிவரை சுரண்டி, உளியால் அம்மைத் தழும்பு மாதிரி கொத்திவிட்டு, தண்ணீர் ஊற்றிக் கழுவினால்தான் பிடிக்கும். மேஸ்திரி ஒரு வாரம் கேட்டார். சக்கரபாணி சாயங்காலம் வரை கொடுத்தார்.

சாயங்காலம் தலைவர் கொளஞ்சியப்பன் டீ குடிக்க வருகிறார்.

எங்கள் வார்டு இந்தத் தடவை பெண்களுக்கு. கவுன்சிலர் சீட்டு தன் மனைவி அம்புஜவல்லிக்குக் கிடைத்தாக வேண்டும் என்று சக்கரபாணி சரியாகத் தூங்கியே பல நாள் ஆகிறது. சீட்டு யாருக்கு என்பதைத் தலைவர் இன்று வாயைத் திறந்து சொல்லிவிடுவார்.

வருகிற விருந்தாளியின் கட்சி நிறத்தில் சீலிங்குக்குப் பெயிண்ட் அடிப்பது சக்கரபாணியின் கொள்கை. சுவருக்கு அடித்தால் தெருவில் போகிறவனுக்கும் தெரிந்துவிடும். சீலிங்குக்கு அடித்தால், சோபாவில் சாய்ந்து அண்ணாந்து பார்க்கிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஊரில் அவரைப் பச்சோந்தி என்பார்கள். பச்சோந்திக்குப் பெயிண்ட் செலவு கிடையாது என்பதை ஊர் யோசிப்பதில்லை.

போன மழையில் பச்சை உரிந்து நீலம் எட்டிப் பார்த்தது. சக்கரபாணி பயந்துவிட்டார். எல்லாவற்றையும் மூடிப் பூசி, வெள்ளையடித்து விட்டுவிடுவது என்று முடிவு. எந்தக் கட்சிக்காரரும் வெள்ளை வேட்டிதானே கட்டுகிறார்.

சேத்தியாத்தோப்பில் கல்யாணப் பந்தி சீக்கிரம் முடிந்துவிட்டதாம். தலைவர் மத்தியானமே வந்துவிட்டார்.

மேஸ்திரி ஸ்டூல் மேல் நின்றபடி கும்பிட்டார். சீலிங்கில் நாலு நிறமும் திட்டுத் திட்டாக நின்றது. தலைவர் மேலே பார்க்கவில்லை. எங்கள் ஊர்ச் சூளையில் சுட்ட தடித்த பீங்கான் கப்பில் டீயை வாங்கிக்கொண்டு சொன்னார்.

"சீட்டு ரைஸ்மில்லுக்காரரு மருமவளுக்குன்னு முடிவாயிடுச்சி. அடுத்த தடவ பாக்கலாம், சக்கரபாணி."

சக்கரபாணியின் முகம் வெள்ளையடிக்காமலே வெளுத்தது.

அந்நேரம் பார்த்து, மேலேயிருந்து மஞ்சள் சில்லு ஒன்று தலைவரின் டீயில் விழுந்தது. விரலை விட்டு எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகுதான் அண்ணாந்தார். அண்ணாந்தவர், சொந்த ஜாதகத்தைப் பார்ப்பதுபோல நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுப்படியிலிருந்து அம்புஜவல்லி வந்து நின்றார்.

"மேஸ்திரி, எறங்கிடுங்க. பூச்சு வேணாம். தலைவரு எந்தெந்தக் கட்சியில இருந்தப்ப நம்ம வூட்டுக்கு வந்தாருன்னு வார்டு சனம் வந்து பாத்துட்டுப் போவட்டும்."

அந்த வீட்டுக்கு வேறு எந்தத் தலைவரும் வந்ததே இல்லை.

கப் கீழே விழுந்தது. எங்கள் ஊர்ப் பீங்கான், உடையவில்லை. தலைவர் அங்கேயே போனை எடுத்தார். ரைஸ்மில்லுக்காரரின் மருமகள் பொதுவாழ்க்கையிலிருந்து விலகிக்கொண்ட செய்தி, அவளுக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

அம்புஜவல்லி இப்போது கவுன்சிலர். சீலிங் பாதி சுரண்டியபடியே இருக்கிறது. தலைவர் அடிக்கடி வந்து, எப்போதம்மா பூசப்போகிறீர்கள் என்று மரியாதையாக விசாரிக்கிறார்.

ஏறி நின்று பூச ஸ்டூல் கிடைக்கவில்லை என்று அம்புஜவல்லி வருத்தத்தோடு சொல்கிறார்.

தலைவரும் தலையாட்டிக்கொண்டு, குடித்த கப்பை என் ஸ்டூல் மேல் வைக்கிறார்.