சென்றாயனின் மூட்டை

“சென்றாயன் மூட்டையை வெச்சுட்டுப் போயி மூணு நாளாச்சுக்கா, இன்னும் எதுக்குக் காத்துக்கினு இருக்கீங்க? பிரிச்சுப் பாத்துடலாம். சொந்தக்காரங்க வெவரமாவது கெடைக்கும்” என்றான், மூட்டைகளை அடுக்கும் நாராயணப்பன்.

“தொடாதே. நமக்கு ஊடு இருக்குது. சென்றாயனுக்கு இந்த மூட்டைதான் ஊடு. ஆளில்லாத ஊட்டுக்குள்ள பூந்துடுவியா?” என்றாள் வெள்ளையம்மா.

குருபரப்பள்ளி ரோட்டோரம் அவள் நடத்திய பகல் கொட்டகை அது. 1953-இல் மழை பொய்த்து, வீடில்லாமல் வந்தவர்கள் அங்கே கஞ்சி குடித்து, மூட்டையை ஒப்படைத்துவிட்டு ரோடு வேலைக்குப் போவார்கள். மூட்டையோடு வருபவன் பாதியில் ஓடிவிடுவான் என்று மேஸ்திரி சேர்ப்பதில்லை. சாயங்காலம் வெள்ளையம்மா ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு மூட்டையைத் திருப்பிக் கொடுப்பாள்.

“என்னா கனம்! தங்கம் வெச்சிருக்கானோ?” என்று நாராயணப்பன் சென்றாயனின் மூட்டையை ஓரமாக நகர்த்தினான்.

“உசுரோட வந்தாப் போதும்டா.”

அப்போது சென்றாயனே வந்து நின்றான்.

“சாமல்பட்டி ரயிலடியில வேலை கெடச்சுட்டுதுக்கா. குடிசையும் போட்டுட்டேன்.”

வெள்ளையம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மூட்டையை நீட்டினாள். அவன் வெட்கத்தோடு அவிழ்த்தான். உள்ளே வைக்கோலும் நாலு கருங்கல்லும்தான் இருந்தன.

“அடப்பாவி! இதையா நான் தெனமும் தூக்கி வெச்சேன்?” என்றான் நாராயணப்பன்.

“எங்கிட்ட வேற ஒண்ணுமே இல்லண்ணா. மூட்டை இருந்தாத்தானே அக்கா பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க? என்னைக் கூப்பிட வேற யாரு இருக்காங்க?”

சென்றாயன் வெள்ளையம்மாவைக் கும்பிட்டான்.

“இப்பத்தான் ஊடு இருக்குதே. ஒருநாள் வாசல்ல வந்து நின்னு என் பேரைக் கூப்பிடுவீங்களாக்கா?”